நெஞ்செரிச்சல் மருந்தும் எச்.ஐ.வி. மாத்திரையும்

கொச்சியில் மட்டாஞ்சேரி என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு பழைய தெரு. பெயர் ஜூ டவுன். யூதர்கள் வாழ்ந்த தெரு அது. 1568-ஆம் ஆண்டு கட்டிய ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே மணிக்கூண்டு. 1948-இல் இஸ்ரேல் நாடு பிறந்தது. அதன் பிறகு யூதர்கள் பெரும்பாலும் அங்கே போய்விட்டார்கள். தெருவுக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தத் தெருவுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்கு வேலை செய்யும். மிளகு, சுக்கு, ஏலம், கிராம்பு எல்லாம் ஒன்றாக மணக்கும். மலையிலிருந்து இறங்கும் மிளகு இங்கேதான் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தது. இப்போது சுற்றுலா வருபவர்களுக்கான கடைகள் பெருகிவிட்டன. ஆனாலும் மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சுக்கு பொறுக்குகிற, புடைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எல்லாம் காதில் விழும்.

இந்த வேலை உடம்பை வருத்துகிற வேலை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கட்டன் சாயா. லாரி வந்துவிட்டால் சாப்பாடு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோதான். சாப்பிட்ட கையோடு குனிந்து மூட்டையைத் தூக்க வேண்டும். முதுகு வலிக்கு ஒரு மாத்திரை. இடையிடையே பீடி. இரவு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கை. பிறகு நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்?

நெஞ்சு எரிந்தால் மருந்துக் கடைக்குப் போவார்கள். "கேஸுக்கு ஏதாவது கொடுங்க" என்பார்கள். ஒரு மாத்திரையோ, ஒரு பாட்டில் இளஞ்சிவப்பு மருந்தோ கிடைக்கும். பலருக்கு இது சின்ன விஷயம். இரண்டு நாளில் மறந்து போகும். ஆனால் எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. அவர்கள் வாங்கும் கேஸ் மருந்து, உயிர் காக்கும் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடலாம்.

எப்படிக் கெடுக்கும்? எந்த மருந்து கெடுக்கும்? எது கெடுக்காது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

தினம் ஒரு மாத்திரை

எச்.ஐ.வி. என்பது ஒரு கிருமி. உடம்பின் காவல் அணுக்களை அது அழிக்கும். காவல் போனால் எல்லா நோயும் உள்ளே வரும். அந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பது 1986-இல் முதன்முதலில் தெரிந்தது. கண்டுபிடித்த இடம் சென்னை. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். இரத்தத்தைச் சோதித்த இடம் வேலூர்.

அப்போது இதற்கு நல்ல மருந்து இல்லை. பத்து ஆண்டு கழித்துக் கூட்டு மருந்து வந்தது. அதன் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். ஏழை அதைக் கனவிலும் வாங்க முடியாது. 2001-இல் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே மாதிரிக் கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. சென்னையை அடுத்த தாம்பரம் மருத்துவமனையும் முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று.

மருந்து கொடுக்கும் இடத்துக்கு ஏ.ஆர்.டி. மையம் என்று பெயர். கேரளத்தில் இதை 'உஷஸ்' என்று அழைக்கிறார்கள். உஷஸ் என்றால் விடியல். மட்டாஞ்சேரிக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது எறணாகுளம் பொது மருத்துவமனை. தோப்பும்படி வழியாகப் பேருந்தில் போய்விடலாம்.

இன்று பெரும்பாலோருக்குக் கொடுப்பது தினம் ஒரே ஒரு மாத்திரை. அந்த ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்துகள் இருக்கின்றன. டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர். மூன்று பெயரையும் சுருக்கி டி.எல்.டி. என்பார்கள். இதை ஒழுங்காகச் சாப்பிட்டால் இரத்தத்தில் கிருமி மிகவும் குறைந்துவிடும். சோதனையில் கூடத் தெரியாத அளவுக்குக் குறையும். அப்படிக் குறைந்து நிலைத்தவரிடமிருந்து உடலுறவு வழியாகக் கிருமி மற்றவருக்குப் போகாது. அவர் வேலை செய்யலாம். கல்யாணம் செய்யலாம். நோயில்லாத பிள்ளை பெறலாம். நீண்ட காலம் வாழலாம்.

ஆனால் ஒன்று. மருந்து தினமும் போதுமான அளவு இரத்தத்தில் இருக்க வேண்டும். அளவு குறைந்தால் கிருமி மறுபடி பெருகும். பெருகும்போது மருந்துக்கு அடங்காத கிருமியும் பிறக்கலாம். அது பிறந்துவிட்டால் அந்த மருந்து இனிமேல் அவருக்குப் பயன்படாது.

மாத்திரையை விடாமல் விழுங்குகிறவருக்கும் இந்த ஆபத்து உண்டு. வாயில் போட்டதெல்லாம் இரத்தத்துக்குப் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. வழியில் வயிறு இருக்கிறது. குடல் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு சுமைத் தொழிலாளி

ஒருவரை நினைத்துக் கொள்வோம். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்குகிறார். எச்.ஐ.வி. உண்டு. கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்று அவருக்குப் பயம். (டம்ளரால் இந்த நோய் பரவாது. ஆனால் பயம் அறிவைக் கேட்டா வருகிறது?) மாதம் ஒரு நாள், ஊரிலிருந்து மாமா வருகிறார் என்று சொல்லிவிட்டு எறணாகுளம் போய் மருந்து வாங்கி வருகிறார்.

இரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று ஒரு சோதனை உண்டு. மருந்து தொடங்கிய ஆறாம் மாதம் செய்வார்கள். பன்னிரண்டாம் மாதம் செய்வார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. இரண்டு முறை இவருக்கு நல்ல முடிவு வந்தது. மூன்றாம் முறை கிருமியின் அளவு ஏறியிருந்தது. மையத்தில் ஆலோசனை சொல்கிற பெண் அவரை உட்கார வைத்துப் பேசினார்.

"அண்ணா, மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?"

"ஒரு நாள்கூட விடல, சிஸ்டர். சத்தியமா."

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்ல."

"காய்ச்சல், முதுகு வலி, நெஞ்செரிச்சல்... எதுக்கும் இல்லையா?"

"நெஞ்செரிச்சலுக்குக் கேஸ் மருந்து குடிப்பேன். அது மருந்தா சிஸ்டர்? ராத்திரி சாப்பிட்டதும் ரெண்டு மூடி. அது இல்லாம தூக்கம் வராது."

"எத்தனை நாளா?"

"ஆறேழு மாசமா."

"நம்ம மாத்திரையை எப்போ போடுவீங்க?"

"அதுவும் அப்பத்தான். ஒரு வாய் கேஸ் மருந்து, ஒரு மாத்திரை, மேல தண்ணி. ஒரே வேலையா முடிஞ்சிடும்."

ஆலோசகருக்கு விடை கிடைத்துவிட்டது. தொழிலாளி பொய் சொல்லவில்லை. மாத்திரையை விடவும் இல்லை. கேஸ் மருந்தை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நம்மில் பலரும் அப்படித்தான். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்து. நாமே வாங்கினால் அது ஏதோ சோடா மாதிரி.

மூன்று வகை மருந்துகள்

வயிற்றுக்குள் அமிலம் சுரக்கிறது. உணவைச் செரிக்க அது வேண்டும். அந்த அமிலம் மேலே ஏறி உணவுக் குழாயைத் தொட்டால் நெஞ்சு எரிகிறது. இதற்குத் தருகிற மருந்துகள் மூன்று வகை.

முதல் வகை, சுரந்துவிட்ட அமிலத்தை முறிப்பது. ஜெலுசில், டைஜீன் போன்றவை இந்த வகை. தண்ணீராகவும் வரும். சப்பிச் சாப்பிடும் வில்லையாகவும் வரும். இவற்றுக்குள் அலுமினியமும் மெக்னீசியமும் சேர்ந்த உப்புகள் இருக்கின்றன. உடனே எரிச்சல் தணியும். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இரண்டாம் வகை, அமிலம் சுரப்பதைக் குறைப்பது. பாமோடிடின், ரானிடிடின் இந்த வகை. ரானிடிடின் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த மாத்திரை. அதில் கெட்ட வேதிப்பொருள் ஒன்று உண்டாகிறது என்று தெரிந்ததால் 2020-இல் அமெரிக்கா அதைக் கடையிலிருந்தே எடுக்கச் சொன்னது. இந்தியாவும் 2022-இல் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கியது.

மூன்றாம் வகைதான் வலுவானது. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல் என்று 'ப்ரசோல்' என முடியும் பெயர்கள். வயிற்றின் சுவரில் அமிலத்தை இறைக்கிற பம்புகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பம்புகள். இந்த மருந்து அந்தப் பம்புகளையே நிறுத்திவிடும். காலையில் ஒரு மாத்திரை போட்டால் அன்று முழுவதும் அமிலம் குறைவாகவே இருக்கும். மறுநாளும் அதன் வேலை மிச்சம் இருக்கும். இதை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற கடைகள் ஊர் ஊருக்கு உண்டு.

இந்த மூன்றில் எது எச்.ஐ.வி. மாத்திரைக்குப் பகை? வலுவான மூன்றாம் வகை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அங்கேதான் கணக்கு மாறுகிறது.

இரும்பும் காந்தமும்

தினம் ஒரு மாத்திரையில் டொலுடெகிராவிர் இருக்கிறது என்று பார்த்தோம். கிருமியைத் தடுப்பதில் முதல் ஆள் இதுதான். எப்படித் தடுக்கிறது? எச்.ஐ.வி. கிருமி நம் அணுவுக்குள் புகுந்து, அணுவின் மரபு இழையில் தன் இழையை ஒட்டுகிறது. ஒட்டுவதற்கு அதனிடம் ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவியின் நடுவில் மெக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. டொலுடெகிராவிர் போய் அந்த மெக்னீசியத்தைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்கிறது. கருவி முடங்கிவிடுகிறது. கிருமியால் ஒட்ட முடிவதில்லை.

உலோகத்தைக் கண்டால் பிடிப்பது இந்த மருந்தின் குணம். காந்தம் இரும்பைப் பிடிப்பது போல என்று வைத்துக் கொள்ளலாம். அந்தக் குணம்தான் நோயாளியைக் காப்பாற்றுகிறது. அதே குணம்தான் வயிற்றில் வம்பு செய்கிறது.

தொழிலாளி ஒரு வாய் கேஸ் மருந்து குடித்தார். வயிற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் நிறைந்துவிட்டன. பின்னாலேயே மாத்திரை போனது. டொலுடெகிராவிர் கரைந்ததும் பக்கத்தில் இருக்கிற உலோகத்தைப் பிடித்துக் கொண்டது. இரண்டும் சேர்ந்து பெரிய கட்டாகிவிட்டன. அந்தக் கட்டு குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் போகாது. மலத்தோடு வெளியே போய்விடும்.

எவ்வளவு மருந்து வீணாகும்? இப்படிப்பட்ட கேஸ் மருந்தையும் டொலுடெகிராவிரையும் ஒரே நேரத்தில் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். மருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இரத்தத்துக்குப் போகவில்லை. நூறு ரூபாய்க் கூலிக்கு வேலை செய்து இருபத்தைந்து ரூபாய் கையில் வாங்கியது போல. ஆறு மாதம் அப்படி நடந்தால் குடும்பம் என்ன ஆகும்?

இதற்கு வழி உண்டு. அது கடினமும் அல்ல. எச்.ஐ.வி. மாத்திரையை முதலில் போட்டுக் குறைந்தது 2 மணி நேரம் விட வேண்டும். பிறகு கேஸ் மருந்து குடிக்கலாம். கேஸ் மருந்தை முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. இரவு எட்டு மணிக்கு மாத்திரை என்றால் பத்து மணிக்குக் கேஸ் மருந்து. பகல் இரண்டு மணிக்குக் கேஸ் மருந்து குடித்தால் இரவு எட்டு மணிக்கு மாத்திரை. முதலில் மாத்திரை என்றால் இரண்டு. முதலில் கேஸ் மருந்து என்றால் ஆறு. சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் சரி.

புண்ணுக்குத் தரும் சுக்ரால்பேட் என்ற மருந்திலும் அலுமினியம் இருக்கிறது. அதற்கும் இதே கணக்கு.

ஒமிப்ரசோலும் பான்டோப்ரசோலும்? அவற்றில் உலோகம் கிடையாது. டொலுடெகிராவிருக்கு அமிலம் குறைந்தாலும் கவலை இல்லை. ஆகவே டி.எல்.டி. சாப்பிடுகிறவருக்கு டாக்டர் பான்டோப்ரசோல் எழுதிக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். நேரம்கூடப் பார்க்க வேண்டியதில்லை. சாதுவாகத் தெரிகிற இளஞ்சிவப்பு மருந்துதான் இங்கே வம்புக்காரன்.

நம் தொழிலாளிக்கு ஆலோசகர் இதைத்தான் சொன்னார். மூன்று மாதம் நேரம் மாற்றிச் சாப்பிட்டார். மறுபடி சோதித்தபோது கிருமியின் அளவு இறங்கியிருந்தது. டொலுடெகிராவிர் எளிதில் தோற்காத மருந்து. அதனால் தப்பித்தார். பழைய மருந்துகளில் சில இவ்வளவு பொறுமை காட்டியிருக்காது.

ஒரு நாள் தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர் நடுங்க வேண்டாம். அடுத்த நாளிலிருந்து நேரத்தைச் சரி செய்தால் போதும். அதற்காக இன்னொரு எச்.ஐ.வி. மாத்திரை போடக் கூடாது. மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

பற்பமும் செந்தூரமும் சத்து மாத்திரையும்

உலோகம் கேஸ் மருந்தில் மட்டும் இல்லை. வயிற்றெரிச்சலுக்குச் சித்த மருத்துவத்தில் சங்கு பற்பம் கொடுப்பார்கள். சங்கைச் சுட்டுச் செய்வது. அது கால்சியம். இரத்தம் ஊற அயச் செந்தூரம் கொடுப்பார்கள். அது இரும்பு. இவை நாட்டு மருந்து, ஒன்றும் செய்யாது என்று சொல்வார்கள். டொலுடெகிராவிர் நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து என்று பார்ப்பதில்லை. உலோகமா என்றுதான் பார்க்கிறது. ஆகவே பற்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் சுக்கும் மிளகும்? குழம்பில் போடுகிற மிளகு உணவு. சுக்கு போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரும் கேரளத்தில் தினம் குடிப்பதுதான். அதற்குப் பயம் வேண்டாம். மருந்தென்று டப்பாவில் விற்கிற பொடி, லேகியம், கேப்சூல் வேறு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

கர்ப்பிணிப் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். கர்ப்ப காலத்தில் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் அரசு கொடுக்கிறது. அவை தாய்க்கும் வேண்டும், பிள்ளைக்கும் வேண்டும். எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு டி.எல்.டி.யும் வேண்டும். தாயின் உடம்பில் கிருமி அடங்கியிருந்தால்தான் பிள்ளை தப்பும். போதாக்குறைக்குக் கர்ப்பத்தில் நெஞ்செரிச்சலும் அதிகம்.

இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு ஒரு சலுகை உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் இவற்றையும் டி.எல்.டி.யையும் ஒரே நேரத்தில் போடலாம். வெறும் வயிற்றில் சேர்த்துப் போடக் கூடாது. போட்டால் இரும்பு பாதிக்கு மேல் மருந்தைத் தடுக்கும். சாப்பாடு இல்லையென்றால் அதே இரண்டு, ஆறு கணக்குத்தான். ஒரு பெண் இப்படி வைத்துக் கொள்ளலாம். காலைச் சாப்பாட்டோடு கால்சியம். மதியம் சாப்பிட்ட பிறகு இரும்பு. இரவுச் சாப்பாட்டோடு டி.எல்.டி. மருத்துவமனையில் இரவுக்கும் ஒரு கால்சியம் கொடுத்திருந்தால், அதை இரவுச் சாப்பாட்டோடு டி.எல்.டி.யுடன் சேர்த்தே போடலாம். இந்தச் சலுகை இளஞ்சிவப்புக் கேஸ் மருந்துக்கு இல்லை. சாப்பாட்டோடு குடித்தாலும் அது தடுக்கும்.

முட்டை ஓடும் எலுமிச்சையும்

இதுவரை பார்த்தது முதல் வரிசை மருந்து. அது பலன் தராதபோது இரண்டாம் வரிசை மருந்து கொடுப்பார்கள். அதில் அடாசனாவிர் என்று ஒன்று உண்டு. ரிடோனாவிர் என்ற துணை மருந்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். இதைச் சாப்பிடுகிற சிலருக்குக் கண் லேசாக மஞ்சளாகத் தெரியும். பெரும்பாலும் அது கெடுதல் இல்லை. ஆனால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அடாசனாவிரின் குணம் வேறு. அதற்கு உலோகம் பிரச்சினை அல்ல. அமிலம் இல்லாததுதான் பிரச்சினை.

ஒரு முட்டை ஓட்டைத் தண்ணீரில் போட்டால் அப்படியே கிடக்கும். எலுமிச்சைச் சாற்றில் போட்டால் குமிழி விட்டுக் கரையத் தொடங்கும். அடாசனாவிரும் அப்படித்தான். புளிப்பான வயிற்றில் கரையும். அமிலம் இல்லாத வயிற்றில் கரையாது. கரையாத மருந்து இரத்தத்துக்கு எப்படிப் போகும்?

இப்போது 'ப்ரசோல்' மாத்திரையை நினைத்துப் பாருங்கள். அது பம்பையே நிறுத்திவிடுகிறது. வயிறு தண்ணீர்த் தொட்டி மாதிரி ஆகிவிடுகிறது. ஒமிப்ரசோலோடு சேர்த்துச் சோதித்தபோது அடாசனாவிரில் ஏறக்குறைய முக்கால் பங்கு வீணாயிற்று. துணை மருந்து இருந்தும் இந்த நிலை. 2004-ஆம் ஆண்டின் கடைசியில் அந்த மருந்தைத் தயாரித்த நிறுவனமே இதைப் பற்றி டாக்டர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இங்கே நேரம் மாற்றினால் தப்பிக்கலாமா? முடியாது. காலையில் போட்ட ப்ரசோலின் வேலை இரவிலும் இருக்கும், மறுநாளும் இருக்கும். ஆகவே இரண்டாம் வரிசையில் அடாசனாவிர் சாப்பிடுகிறவர் ப்ரசோல் மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. இரண்டாம் வகையான பாமோடிடினை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் சாப்பிடலாம். முதல் வகைக் கேஸ் மருந்து என்றால் அடாசனாவிரை அதற்கு 2 மணி நேரம் முன்னால் போட வேண்டும். குடித்துவிட்டால் ஒரு மணி நேரமாவது கழித்துப் போட வேண்டும்.

டி.எல்.டி.க்கு நண்பனாக இருந்த பான்டோப்ரசோல் இங்கே பகைவன். ஒருவருக்குச் சரியான மருந்து இன்னொருவருக்கு ஆகாது. ஒரே மையத்தில் மருந்து வாங்குகிற இருவர் ஒருவருக்கொருவர் யோசனை சொல்வதுகூட இதனால் ஆபத்தாகலாம். டி.எல்.டி.யிலிருந்து அடாசனாவிருக்கு மாறியவர் பழைய பழக்கத்தில் பான்டோப்ரசோலைத் தொடர்ந்தாலும் அதே ஆபத்து. வெளிநாட்டில் வேலை செய்பவர்களில் சிலருக்கு ரில்பிவிரின் என்ற மாத்திரை கொடுப்பார்கள். அதற்கும் அமிலம் வேண்டும். அதோடும் ப்ரசோல் கூடாது.

எரிச்சல் எல்லாம் கேஸ் அல்ல

எரிச்சலையே குறைத்துவிட்டால் மருந்துச் சண்டை எதற்கு? இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடலாம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கலாம். தலையணையை மட்டும் உயர்த்தினால் பெரிய பயன் இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். பீடியையும் சாராயத்தையும் விட்டால் பாதி எரிச்சல் போய்விடும். முதுகு வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. லாரி வந்து நிற்கும்போது மேஸ்திரியிடம் சாப்பாட்டு நேரம் கேட்பது எளிதல்ல. அது தெரிந்ததுதான். ஆனாலும் இரண்டு வாழைப்பழம் இடுப்பில் இருந்தால் வயிறு காயாது.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. காவல் அணுக்கள் குறைந்திருக்கும்போது உணவுக் குழாயில் பூஞ்சை வளரும். விழுங்கும்போது வலிக்கும், எரியும். வாய்க்குள் தயிர் திரிந்தது போல் வெள்ளை படியலாம். இது கேஸ் அல்ல. கேஸ் மருந்துக்கு இது போகாது. இதற்கு வேறு மருந்து இருக்கிறது. அதே போல மலம் தார் போலக் கறுத்தாலும், இரத்த வாந்தி வந்தாலும், சோறு தொண்டையில் அடைத்தாலும், உடம்பு இளைத்துக்கொண்டே போனாலும் டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சை அழுத்தி, வேர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ போனால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கேஸ் என்று சொல்லி வீட்டில் படுத்தே உயிர் விட்டவர்கள் நிறையப் பேர்.

யாரிடம் சொல்வது?

இவ்வளவுக்கும் வேர் ஒன்று இருக்கிறது. சொல்ல முடியாமை. மருந்துக் கடையில் பத்துப் பேர் நிற்கும்போது, "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, இந்த மருந்து ஆகுமா?" என்று யார் கேட்பார்? ஜூ டவுன் மாதிரி ஒருவரை ஒருவர் தெரிந்த இடத்தில் முடியவே முடியாது.

கடையில் சொல்ல வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன்னால் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டுக்கொண்டால் போதும். அங்கே உள்ளவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகலாம். அட்டை, பாட்டில், பற்பம், சத்து மாத்திரை, எல்லாம். பெயர் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் உள்ளே உள்ள மருந்து. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். அலுமினியம், மெக்னீசியம், கால்சியம், இரும்பு என்று வந்தால் ஒரு கணக்கு. 'ப்ரசோல்' என்று வந்தால் இன்னொரு கணக்கு.

வேறு நோய்க்கு வேறு டாக்டரிடம் போகும்போது அவரிடம் தனியாகச் சொல்வது நல்லது. காசநோய்க்கும் சர்க்கரைக்கும் தரும் சில மருந்துகளுக்கும் டொலுடெகிராவிரோடு கணக்கு உண்டு. சொன்னால் அவர் அளவை மாற்றிக் கொடுப்பார். கேட்டவர் அதை வெளியே சொல்லக் கூடாது. இதற்குச் சட்டமே இருக்கிறது. 2017-இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவருடைய சம்மதம் இல்லாமல் பிறருக்குச் சொல்லக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். இந்த நோயைக் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது. மருத்துவம் பார்க்க மாட்டேன் என்று சொல்லவும் கூடாது.

நேரில் பேசத் தயங்குகிறவர்கள் 1097 என்ற எண்ணில் கேட்கலாம். இந்தியா முழுவதற்கும் ஒரே எண். காசு கிடையாது. பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.